டர்பன் வெஸ்ட்வில் வளாக விடுதி: பூட்டும் சட்டியும் கொண்டு வாருங்கள்

தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கென 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கிய கல்லூரிதான் பின்னர் இந்த வெஸ்ட்வில் குன்றுக்கு வந்தது. 2004 முதல் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் பகுதி. நிறவெறிக் காலத்தில் திணிக்கப்பட்ட இடம், இன்று எல்லா இனத்தவரும் தங்கும் விடுதி.

சாப்பாடு நீங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். புரட்டாசி விரதக்காரர்களுக்கு அது வசதிதான், ஆனால் அடுப்பு பொது. மாமிசம் வெந்த சட்டியைத் தொடாமலிருக்கத் தனிச் சட்டி, கரண்டி அவசியம். அரிசி, பருப்பை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பூட்டுங்கள். குரங்குகள் பொல்லாதவை: திறந்த ஜன்னல் போதும், ரொட்டியும் வாழைப்பழமும் போய்விடும். வெளியே போகும்போது ஜன்னலைச் சாத்துங்கள். கோடைப் புழுக்கத்தில் அலமாரித் துணி பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள். சுவர் சாக்கெட்டுக்கு மூன்று உருண்டை முள் பிளக் வேண்டும். தனிமை வேண்டுவோருக்கு இந்த விடுதி ஒத்துவராது.