பிரௌனிங் கடிதங்களா, கார்லைல் கடிதங்களா?

விக்டோரியா காலத்து எழுத்தாளத் தம்பதியரின் கடிதங்களில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் கவிஞர்களான ராபர்ட் பிரௌனிங், எலிசபெத் பாரெட் பெயர்களைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரலாற்று எழுத்தாளர் தாமஸ் கார்லைல், அவர் மனைவி ஜேன் வெல்ஷ் இருவரின் கடிதங்களையே நான் முதலில் கையில் கொடுப்பேன்.

பிரௌனிங் கடிதங்கள் அழகானவை, சந்தேகமே இல்லை. 1845 ஜனவரி 10 அன்று, நேரில் பார்த்தே இராத எலிசபெத்துக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, உங்கள் கவிதைகளை நேசிக்கிறேன், உங்களையும் நேசிக்கிறேன் என்று எழுதிவிடுகிறார் ராபர்ட். எலிசபெத்தோ லண்டன் விம்போல் தெரு வீட்டில் நோயாளியாக அடைந்து கிடந்தவர். பிள்ளைகள் யாரும் மணம் முடிக்கக் கூடாது என்ற பிடிவாதக்காரத் தந்தையின் மகள். 20 மாதங்களில் 570க்கும் மேற்பட்ட கடிதங்கள், 1846 செப்டம்பரில் ரகசியத் திருமணம், பிறகு இத்தாலி. அத்தோடு கடிதங்கள் நின்றுவிடுகின்றன. இருவரும் அதன்பின் பிரிந்து இருந்ததே அரிது. எலிசபெத் இறக்கும்வரை ஏறக்குறைய 15 ஆண்டுகள் நீடித்த இல்லறம் இந்தக் கடிதங்களில் இல்லை.

அந்த இல்லறம்தான் ஜேனின் கடிதங்களில் இருக்கிறது. லண்டன் செல்சி பகுதியில் இருந்த வீட்டின் வேலைக்காரிகள், மூட்டைப்பூச்சி, கணவரை எழுதவிடாத பக்கத்து வீட்டுச் சேவல்கள் என எதையும் அவர் விடுவதில்லை. 1855 பிப்ரவரியில் வீட்டுச் செலவுக்குப் பணம் போதாதபோது, நிதியமைச்சர் போல ஒரு பட்ஜெட்டே எழுதிக் கணவரிடம் நீட்டினார். விலை ஏறிய பொருள்களின் கணக்கெல்லாம் அதில் உண்டு. தாமஸ் மனைவியின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து, கூடுதலாக 30 பவுண்டு தருவதாகப் பதில் எழுதினார். இவ்வளவு கூர்மையான உரைநடை எழுதியவர் வாழ்நாளில் ஒரு புத்தகமும் வெளியிடவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அதே காலத்தில், ஆஷ்பர்ட்டன் சீமாட்டியின் மாளிகைக்குக் கணவர் ஓயாமல் போய்வந்த வேதனையை ஜேன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். 1866 ஏப்ரலில், தாமஸ் ஸ்காட்லாந்தில் இருந்தபோது, லண்டன் ஹைட் பார்க்கில் வண்டியில் உட்கார்ந்தபடியே ஜேன் இறந்துபோனார். அதன் பிறகே அந்த வேதனையின் ஆழம் தாமஸுக்குத் தெரிந்தது. மனைவியின் கடிதங்களைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றாகக் குறிப்பெழுதினார். அந்தக் குறிப்புகளைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். ஜேனுக்கு அவர் தாமதமாக எழுதிய பதில்கள் அவை.

பிரௌனிங் தொகுதியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கடிதம் மட்டும் கிடைக்காது: 1845 மே மாதம், முதல் சந்திப்பு முடிந்ததும் ராபர்ட் அவசரப்பட்டு எழுதியது. எலிசபெத் கலங்கிப்போனதால், அதைத் திரும்ப வாங்கி ராபர்ட்டே அழித்துவிட்டார்.