தேங்காய் சோர்பே: முற்றின காயா, இளநீரா, பாக்கெட் பாலா?

பசும்பால், க்ரீம், முட்டை எதுவும் சேராத ஐஸ்தான் சோர்பே. பழச்சாறும் சீனியும் தண்ணீரும் இருந்தால் போதும். தேங்காயில் போடும்போது இன்னொரு லாபமும் உண்டு. தேங்காய்ப்பாலிலேயே கொழுப்பு இருப்பதால், மாட்டுப்பால் சேர்க்காமலே ஐஸ்கிரீமுக்கு உள்ள வழவழப்பு கிடைத்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

திருநெல்வேலிச் சீமையில் இதற்கு வேண்டிய சாமான் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. கடையம், தென்காசி, செங்கோட்டைத் தோப்புகளில் காய், உடன்குடியில் கருப்பட்டி, தூத்துக்குடியில் கல்லுப்பு. அப்படி இருந்தும் வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் பலர், "கல்லு மாதிரி ஆயிட்டு, கரண்டியே இறங்கல" என்று விட்டுவிடுகிறார்கள். குறை அநேகமாகக் கைப்பக்குவத்தில் இருக்காது. எந்தத் தேங்காய், எந்த இனிப்பு, எப்படி உறைய வைப்பது என்ற தேர்வில்தான் இருக்கும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ்கிரீம் மெஷின் இல்லாத வீட்டில், முற்றின காயின் முதல் பாலையும் இரண்டாம் பாலையும் கலந்து, சீனி போட்டு, ஐஸ் தட்டில் உறைய வைத்து மிக்சியில் அடிப்பதுதான் சிறந்த வழி. மற்றவற்றுக்கும் அதனதன் இடம் உண்டு.

தேர்வுக்குப் போகுமுன் ஒரு விஷயம். தண்ணீர் மட்டும் உறைந்தால் கட்டியாகிவிடும். சீனி கரைந்திருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு ஃப்ரீசரிலும் உறையாமல் பாகாகவே நிற்கும். கரண்டி இறங்குவது அதனால்தான். சோர்பே கலவையில் மொத்த எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை சீனி இருக்க வேண்டும். உடம்புக்கு ஆகாது என்று பாதியாகக் குறைத்தால் பனிக்கட்டிதான் மிஞ்சும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும். ஆகவே உறைய வைக்குமுன் சுவைத்துப் பார்க்கும்போது கலவை கொஞ்சம் திகட்டுகிற மாதிரி இருந்தால்தான் அது சரியான அளவு.

முற்றின காய்

சொதி என்கிற நம் தேங்காய்ப்பால் குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே கைவந்தது. மறுவீட்டுச் சொதிக்கு மூன்று பால் எடுப்போம். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பால் நடுவில் போகும், முதல் பாலை இறக்கும் நேரத்தில் ஊற்றிக் கொதிக்க விடாமல் எடுப்போம். கொதித்தால் திரிந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். இதே ஒழுங்குதான் சோர்பேக்கும்.

ஆனால் எந்தப் பாலை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்று முதல் பாலை மட்டும் ஊற்றுவார்கள். தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பித்துவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி உறைந்து நிற்பது இதனால்தான். முதல் பாலை மட்டும் உறைய வைத்து மிக்சியில் அடித்தால் கொழுப்பு தனியாகத் திரண்டு வெண்ணெய் மாதிரி மணிமணியாக நிற்கும். வாயில் போட்டால் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டிக்கொள்ளும், வாசனையும் அமுங்கிப் போகும். எங்கள் ஆச்சி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மொதப்பாலு மட்டும்னா நாக்குல ஒட்டும்லா, ரெண்டாம் பாலையும் சேரு" என்றாள். ஐஸ் போட்டுப் பழக்கமில்லாதவள்தான், ஆனால் தேங்காய்ப்பாலின் குணம் தெரிந்தவள். இரண்டாம் பாலை மட்டும் வைத்தாலும் சரிவராது. வாசனை இருக்கும், உடம்பு இருக்காது, நறநறவென்று பனிக்கட்டி கடிபடும். இரண்டும் சரிபாதி என்பதுதான் நான் சொல்லும் கணக்கு.

இரண்டு நடுத்தரக் காய் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். கொப்பரை பதத்துக்குப் போன காயில் எண்ணெய் வாடை வரும், வேண்டாம். துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரை போகாமல் வெள்ளையோடு நிறுத்துங்கள். துருவலில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்சியில் ஓட்டி, மல் துணியில் போட்டுப் பிழிந்தால் முதல் பால். கொதிநீர் வேண்டாம், வெகுநேரம் அரைக்கவும் வேண்டாம். இரண்டாலும் சூடேறி எண்ணெய் பிரியும். அந்தச் சக்கையிலேயே மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் பால். இரண்டும் 300 மில்லி, 300 மில்லி இருக்கட்டும். மூன்றாம் பாலைப் பிழிந்து அன்றைய குழம்புக்கு வைத்துக்கொண்டால் காய் வீணாகாது.

இரண்டாம் பாலை மட்டும் அடுப்பில் வைத்து 160 கிராம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கரையுங்கள். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளவர் மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து ஊற்றி ஒரு கொதி விட்டால் தண்ணீர் பிரிந்து கட்டியாவது குறையும். இறக்கி, நன்றாக ஆறின பிறகு முதல் பாலைச் சேருங்கள். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் குளிர வைத்து உடனே உறைய வைக்கப் போட வேண்டும். ராத்திரி முழுக்க வைத்தால் கொழுப்பு மேலே தட்டாக இறுகிவிடும். வெளியிலேயே வைத்தாலோ, நம் ஊர் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

சொதிக்கு இஞ்சித் துவையல் துணை என்பதை இங்கேயும் மறக்க வேண்டாம். அரைத் தேக்கரண்டி இஞ்சிச் சாறு, தெளிய வைத்து மேலாக எடுத்தது, தேங்காய்ப்பாலின் கனத்தை அழகாக வெட்டும்.

இளநீரும் வழுக்கையும்

வாசனை என்று பார்த்தால் இதற்கு நிகரில்லை. ஆனால் உறைவதில் முற்றின காய்க்கு நேர் எதிர். இளநீரில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, சீனிச் சத்து சுமார் 5 சதவீதம், மீதி எல்லாம் தண்ணீர். வெறும் இளநீரை உறைய வைத்தால் குச்சி ஐஸ்தான் வரும். கட்டு கொடுப்பது வழுக்கைதான். அதனால் கடையில் வாங்கும்போதே "வழுக்கை உள்ளதா வெட்டுங்கண்ணே" என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணி இளநீர் குடிக்க நல்லது, இதற்கு உதவாது. வழுக்கை ரொம்பத் தடித்துத் தேங்காயாக மாறத் தொடங்கியிருந்தாலும் அரைக்கும்போது திப்பி நிற்கும்.

அரை லிட்டர் இளநீர், 200 கிராம் வழுக்கை, 170 கிராம் சீனி, அரை எலுமிச்சம்பழம். சீனியைக் கொஞ்சம் இளநீரில் மட்டும் சூடாக்கிக் கரைத்து ஆற வைத்து, மீதியைப் பச்சையாகவே சேருங்கள். இளநீரைக் காய்ச்சினால் அந்த வாசனை போய்விடும். அன்றைக்குப் போட்டு அன்றைக்கே சாப்பிட வேண்டியது இது. மறுநாள் பனிக்கட்டி பெருத்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் நான் இதைத்தான் போடுவேன். நாலு நாள் வைத்துச் சாப்பிட வேண்டும் என்றால் போடமாட்டேன்.

டின், பாக்கெட், பொடி

டின்னிலும் பாக்கெட்டிலும் வரும் தேங்காய்ப்பாலுக்கு ஒரு பலம் உண்டு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு பிரியாமல் இருக்கக் கோந்து வகைகள் சேர்த்திருப்பார்கள். அதனால் சோர்பே வழவழப்பாக வரும், நாள்பட்டாலும் அவ்வளவாகக் கரகரக்காது. கெட்டியான பால் என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தே பயன்படுத்தலாம். ஆனால் கெடாமல் இருக்கச் சூடுபடுத்தி அடைத்த பால் என்பதால் வாசனை அடங்கித்தான் இருக்கும். பிழிந்த பாலில் வரும் அந்த இளசான மணத்தை எதிர்பார்க்க முடியாது. ஏலக்காயோ கருப்பட்டியோ போட்டு ஈடுகட்டலாம்.

தேங்காய்ப்பால் பொடி வாங்குகிறவர்கள் லேபிளைப் படியுங்கள். பல பொடிகளில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பசும்பாலிலிருந்து எடுக்கும் புரதம். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காகத் தேங்காய் ஐஸ் போட்டு, அதில் பால் புரதத்தையே கலந்து கொடுத்தால் எவ்வளவு பெரிய ஆபத்து! வெளியூரில் நல்ல காய் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்கு டின் சரி. தோப்பு நடுவில் உட்கார்ந்துகொண்டு பொடி வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சீனியா, கருப்பட்டியா

தேங்காயின் மணம் முன்னால் நிற்க வேண்டும் என்றால் சீனி. கருப்பட்டி போட்டால் அது கருப்பட்டி சோர்பே ஆகிவிடும், தேங்காய் பின்னால் போய்விடும். அது குறை என்று சொல்லவில்லை, அது வேறொரு பண்டம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த ருசி நம் நாக்கில் ஊறியதுதானே! அந்த ருசி வேண்டும் என்று தெரிந்தே போடுங்கள். உடம்புக்கு நல்லது என்று சீனிக்குப் பதிலாகப் போட்டுவிட்டு, வெள்ளையாக வரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

கருப்பட்டியில் ஈரமும் இருப்பதால் 160 கிராம் சீனிக்கு 180 கிராம் எடுக்க வேண்டும். அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். அந்த அரை டம்ளரை இரண்டாம் பாலில் குறைத்துக்கொள்ளுங்கள். பாகு முழுக்க ஆறிய பிறகுதான் முதல் பால். சுக்கும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை போட்டால் சில்லுக்கருப்பட்டி வாசம் வரும்.

பனங்கற்கண்டு? விலை அதிகம், அதன் மெல்லிய வாசனை குளிரில் தெரியாது. பாலில் போட்டுக் குடியுங்கள்.

இன்னொன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி. சீனியில் 30 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு வாசனை சேர்க்காத குளுக்கோஸைப் போட்டால் இனிப்பு குறையும், ஐஸ் இன்னும் இளகலாக இருக்கும். எடைக்கு எடை உறைநிலையைக் கீழே தள்ளுவதில் குளுக்கோஸ் சீனியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

உறைய வைப்பது

மெஷின் இருந்தால் நல்லதுதான். விடாமல் கிண்டிக்கொண்டே உறைய வைப்பதால் பனிக்கட்டி பொடியாகவே நிற்கும். ஆனால் வீட்டு மெஷின்களில் பலவற்றுக்கு அதன் கிண்ணத்தை முதல் நாளே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் அதற்கு இடமும் கிடையாது, அந்தக் குளிரும் பற்றாது.

கல்லுப்பு முறை பழையது, கரண்ட் வேண்டாதது. மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்டால் ஐஸ் கரையக் கரையச் சூட்டை உறிஞ்சிப் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே போகும். நல்ல கலவையில் எல்லை மைனஸ் 21 டிகிரி. அதற்குள் எவர்சில்வர் தூக்கை இறக்கிச் சுற்ற வேண்டும், அவ்வப்போது திறந்து ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி நடுவுக்குத் தள்ள வேண்டும். மூடியில் உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு இறங்கினாலும் எல்லாம் போச்சு. லீவுக்குப் பிள்ளைகள் நிறைய வந்திருக்கும் வீட்டுக்கு இது பொருத்தம், சுற்றுவதற்கு ஆள் இருக்கும்.

மற்ற நாளைக்கு ஐஸ் தட்டும் மிக்சியும். கலவையை ஐஸ் தட்டில் ஊற்றி ராத்திரி உறைய வைத்து, காலையில் கட்டிகளைச் சட்னி ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு அடியுங்கள். முதலில் பொடியாக உதிரும், அப்புறம் பளபளவென்று கூழாகத் திரளும். திரண்டதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஓட்டினால் சூட்டில் இளகிவிடும். ஜாரை முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அடித்ததை எவர்சில்வர் சம்படத்தில் அமுக்கி இரண்டு மணி நேரம் மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவைவிட எவர்சில்வரில் குளிர் சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் உறைந்தால் பனிக்கட்டி சின்னதாக இருக்கும்.

சம்படத்தை ஃப்ரீசரின் உள்பக்கம் தள்ளி வையுங்கள், கதவோரம் வேண்டாம். கரண்ட் போய் லேசாக இளகியிருந்தால் அப்படியே உறைய விடாமல் இன்னொரு முறை மிக்சியில் அடித்து வைக்க வேண்டும். முழுக்கத் தண்ணீராகி வெகுநேரம் கிடந்தது என்றால் மறுபடி உறைய வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். பிழிந்த பாலில் போட்டதை ஐந்தாறு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது.