மந்திகளின் உறவுமுறை: மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவா, உட்கரு டிஎன்ஏவா?

எந்த மந்தி (நீளவால் கொண்ட, இலை தின்னும் குரங்கு) எதற்குச் சொந்தம் என்று டிஎன்ஏவை வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்காகக் காட்டு மந்தியைப் பிடித்து ரத்தம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மரத்தடியில் கிடக்கும் மலத்தைக் குப்பியில் எடுத்துவருவதுதான் வழக்கம். அங்கே மைட்டோகாண்டிரியா டிஎன்ஏ, அதாவது செல்லின் உட்கருவுக்கு வெளியே, ஆற்றல் தரும் உறுப்புகளில் இருக்கும் டிஎன்ஏ கைகொடுக்கும். ஒரு செல்லில் உட்கரு டிஎன்ஏ இரண்டே பிரதி, இதுவோ நூற்றுக்கணக்கில். சிதைந்த மாதிரியிலும் தேறும். நீளமும் சுமார் 16,500 எழுத்துகள்தான். உட்கருவில் ஏறத்தாழ 300 கோடி. செலவும் குறைவு.

ஆனால் இது தாய்வழியாக மட்டுமே வருவது. தகப்பன் வழிக் கதை இதில் கிடையாது.

நீலகிரிக் கருமந்தி விஷயத்தில் அதனால் சிக்கல் வரவில்லை. கறுத்த ரோமத்தைப் பார்த்து முன்பு அதைத் தென்கிழக்காசிய மந்திகளோடு சேர்த்திருந்தார்கள். அதுவும் இலங்கையின் ஊதாமுக மந்தியும் நம்மூர் சாம்பல் மந்திக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று இரண்டு டிஎன்ஏவும் ஒரே குரலில் சொல்லிவிட்டன.

வடகிழக்குக்குப் போனால்தான் வம்பு. அசாமிலும் பூட்டானிலும் வாழும் பொன்னிற மந்தியையும், அதன் நெருங்கிய உறவான தொப்பி மந்தியையும் மைட்டோகாண்டிரியா இந்திய மந்திகளோடு சேர்க்கிறது; உட்கரு மரபணுக்களோ தென்கிழக்காசியக் கூட்டத்தோடு சேர்க்கின்றன. எப்போதோ இரு வம்சமும் கலந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஒன்றை மட்டும் படித்திருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

சரி, எதை எடுப்பது? முதல் பார்வைக்கு மைட்டோகாண்டிரியா போதும். பேரினத்தையே (நெருங்கிய இனங்களைச் சேர்த்த பிரிவு) மாற்றி எழுதப்போகிறார்கள் என்றால், உட்கருவில் பல இடங்களைப் படிக்காத முடிவை நான் ஏற்கமாட்டேன். அதற்குக் காசும் பொறுமையும் வேண்டும். மலத்தில் கலந்திருக்கும் இலை, பாக்டீரியா டிஎன்ஏவைக் கழித்துக்கட்டுவதே தனி வேலை.