ரிவால்வர் குழலில் ஈயம் ஒட்டாத தோட்டா: ஆறு ஆண்டு அனுபவம்

2018-இல் உரிமம் கைக்கு வந்ததும் நான் வாங்கியது .22 (0.22 அங்குலப் பருமன்) தோட்டா சுடும் ரிவால்வர், ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 17. ஆறு அங்குலக் குழல், ஆறு தோட்டா அறைகள் கொண்ட சுழலும் உருளை, கருநீல எஃகு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சுடும் கழகத்து மூத்தவர் ஒருவர் பார்வை மங்கியதால் விற்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தும் ஒரு கீறல் விழாமல் காத்தவர். அப்படிப்பட்ட துப்பாக்கியின் குழலில், என்னிடம் வந்த மூன்றாம் மாதமே ஈயம் படிந்துவிட்டது. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது குழலின் பின்வாயில், குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரிகளுக்கு நடுவே வெள்ளித் தகடு ஒட்டியதுபோல் தெரிந்தது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். "என்ன தோட்டா போட்டாய் என்று அப்புறம் கேட்கிறேன் தம்பி. ஈயம் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, சொல்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் ஒரு வெள்ளைத் துணித்துண்டை உள்ளே செலுத்தி இழுத்துக்காட்டிச் சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை ஒரு நாளும் விட்டதில்லை.

ரிவால்வரில் குண்டு, அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறக்கும் ஈயத் துண்டு, ஒரு தாவல் தாவ வேண்டியிருக்கிறது. உருளையின் அறையிலிருந்து கிளம்பி, உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கடந்து, புனல்போல் விரிந்திருக்கும் குழலின் பின்வாய்க்குள் நுழைகிறது. அந்த இடைவெளி ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. சுடும் நேரத்தில் அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காவிட்டால் குண்டின் ஒரு பக்கம் சீவப்படும். அப்போது ஈயம் பின்வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் குவியும், பக்கத்தில் நிற்பவர் மேல் துணுக்கும் தெறிக்கும். அது துப்பாக்கியின் குறை, பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். எந்தத் தோட்டாவை மாற்றினாலும் தீராது. சுற்றிலும் சமமாகப் படிந்திருந்தால் குண்டின் மேல் மசகாகப் பூசியுள்ள மெழுகையும் பரப்பின் சொரசொரப்பையும் சந்தேகிக்கலாம். முன்வாய்ப் பக்கம் மட்டும் படிந்திருந்தால், குண்டு வெளியேறுவதற்கு முன்பே மெழுகு தீர்ந்துவிட்டது என்று பொருள். என்னுடையது சுற்றிலும் சமமாகப் படிந்திருந்தது. அப்போதுதான் அவர் தோட்டாவைப் பற்றிக் கேட்டார்.

இன்னொன்றையும் அன்றே சொன்னார். குழலுக்குள் தெரியும் கருப்பெல்லாம் ஈயம் என்று எண்ணிவிடக் கூடாது. வெடிமருந்துக் கரியும் உருகிய மெழுகும் சேர்ந்த பசை, கரைப்பான் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டால் துணியோடு வந்துவிடும். ஈயம் கரையாது. பித்தளைத் தூரிகையை நாலைந்து முறை இழுத்தபின் துணியில் மீன் செதில்போல மினுங்கும் இழைகள் வந்தால் அதுதான் ஈயம். இந்த ஒரு சோதனையைத்தான் எல்லாத் தோட்டாவுக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

நான் முதலில் வாங்கியது விலை குறைந்த, பூச்சில்லாத ஈயக் குண்டுத் தோட்டா. பெரிய டப்பாவில் அவல் கொட்டியதுபோல உதிரியாகக் கிடக்கும் வகை. அது ஏன் தவறு என்று புரிய .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1887-லிருந்து இருந்துவரும் வடிவம் இது. இதில் குண்டின் பருமனும் பித்தளைக் கூட்டின் வெளிப்பருமனும் ஒன்றே. குண்டின் பின்முனை மட்டும் சிறுத்துக் கூட்டுக்குள் செருகியிருக்கும். பெரிய தோட்டாக்களில் மசகு கூட்டுக்குள் மறைந்து பத்திரமாக இருக்கும். இதிலோ குண்டின் மேல் வெளியே பூசிக்கிடக்கிறது. உதிரியாகக் குலுங்கினால் ஒன்றோடொன்று உரசி மெழுகு போய்விடும். விரல் பட்டாலும் போகும். மணல் பட்டால் ஒட்டிக்கொள்ளும். என் டப்பாவிலிருந்த குண்டுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஒரு துளி மெழுகுகூட வரவில்லை. காய்ந்த ஈயம் எஃகில் தேய்ந்தால் ஒட்டத்தானே செய்யும்.

அதற்குப் பிறகு மாதாமாதம் ஒரு வகை என்று முறைவைத்துக்கொண்டேன். குழலைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, 150 தோட்டா சுட்டபின் தூரிகை, துணி, இழை எண்ணிக்கை. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பிரத்தியேக விளையாட்டுச் சுடுநர் தகுதி இல்லாத என்னைப் போன்றவர் உரிமம் பெற்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 200 தோட்டாக்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வரம்பு இந்த விஷயத்தில் எனக்கு நன்மையே செய்தது. நிறைய வாங்கிக் குவித்துவிட்டு, பிடிக்காததைச் சுட்டுத் தீர்க்க வேண்டிய கட்டாயம் வரவில்லை.

மெழுகு நன்றாகப் பூசிய, சாதாரண வேகத்து 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டுகள் குழலை வியக்கும்படி சுத்தமாக வைத்தன. சிசிஐ (CCI) என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில் 150 சுட்டபின் இரண்டு மூன்று இழைகள் வந்தன. எலி (Eley) என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் போட்டித் தோட்டாவில் அதுவும் இல்லை. ஈயப் படிவைத் தவிர்க்கச் செம்பு பூசிய குண்டுதான் ஒரே வழி என்று சொல்பவர்களுக்கு என் துணித்துண்டுகளைக் காட்ட ஆசைப்படுகிறேன். மெழுகு ஒழுங்காக இருந்தால் வெறும் ஈயமே போதும்.

ஆனால் அந்த மெழுகுக்கு ரிவால்வரில் ஒரு விலை உண்டு, அது குழலில் தெரியாது. உருளையின் ஆறு அறைகளிலும் மெழுகும் கரியும் கலந்து பசைபோலக் கட்டிக்கொள்ளும். நூறு தோட்டாவுக்குப் பிறகு புதியது கடைசிவரை உள்ளே இறங்காது, விளிம்பு மயிரிழை வெளியே நிற்கும். .22 ஒரு ரிம்ஃபயர் தோட்டா, அந்த வகைக்குத் தீப்பற்ற வைக்கும் கலவை விளிம்புக்குள்தான் இருக்கிறது. விளிம்பு தள்ளி நின்றால் சுத்தியலின் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது. ஒரு கழகப் போட்டியில் எனக்கு மூன்று முறை இப்படி ஆனது. அப்போது தோட்டாவை வைதேன். இப்போது ஐம்பதுக்கு ஒருமுறை அறைகளில் உலர்ந்த தூரிகையைச் சுழற்றி எடுக்கிறேன். அரை நிமிட வேலை.

செம்பு பூசிய வகைக்கு வருகிறேன். நான் அதிகம் சுட்டது சிசிஐ மினி-மேக், 40 கிரெயின் உருண்டை முனை. பெட்டியில் வினாடிக்கு 1,235 அடி வேகம் என்று போட்டிருக்கும். அது நீண்ட குழலுக்கான கணக்கு, ஆறு அங்குலத்தில் அவ்வளவு வராது. இந்தச் செம்பு, பெரிய தோட்டாக்களின் தடித்த உறையைப் போன்றதில்லை. மிக மெல்லிய பூச்சு, உள்ளே இருப்பது அதே மென்மையான ஈயம்தான். ஆனாலும் பின்வாயில் இழை அரிதாகவே வந்தது. அறைகளில் பசை குறைவு. கையில் பிசுபிசுப்பில்லை. குறி மட்டும் 25 மீட்டரில் எலியைவிடக் கொஞ்சம் பரந்தது. பயிற்சிக்கு அது பெரிதில்லை, போட்டிக்குப் பெரிது.

சிவப்புப் பாலிமர் பூச்சுள்ள கிளீன்-22 ஒரே ஒரு பெட்டிதான் கிடைத்தது. குழல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தொடர்ந்து கிடைக்காத பொருளைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 32 கிரெயின் ஸ்டிங்கர் போன்ற அதிவேகத் தோட்டாக்களின் கூடு வழக்கத்தைவிட நீளம். இறுக்கமான போட்டி அறைகளில் அவற்றைப் போடவே கூடாது. என் துப்பாக்கியில் சத்தம் கூடியதைத் தவிர வேறொன்றும் கூடவில்லை. .22 ஷார்ட் இதே அறையில் பொருந்தும். ஆனால் அந்தக் குட்டைக் கூட்டுக்கு முன்னால் கரி வளையம் கட்டி, பிறகு லாங் ரைஃபிள் தோட்டா முழுதாக இறங்காமல் அடம்பிடிக்கும்.

எங்கள் டர்பன் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிப்ரவரிப் புழுக்கத்தில் கார் டிக்கியில் ஒரு பகல் கிடந்த தோட்டாவை எடுத்துப் பாருங்கள். மெழுகு இளகி அட்டைப் பெட்டியில் இறங்கியிருக்கும், பெட்டியின் அடியில் எண்ணெய்க் கறை தெரியும். அதே பெயர், அதே பெட்டி, ஆனால் இழை எண்ணிக்கை இரண்டிலிருந்து பத்துக்குப் போனது. வாங்கிய கடையிலிருந்து நேரே வீட்டுப் பெட்டகத்துக்குப் போவது, சுடும் நாளன்று தேவையானதை மட்டும் தன் பெட்டியிலேயே எடுத்துப்போவது, கொத்தாகச் சட்டைப் பையில் போடாதிருப்பது. இந்த மூன்றையும் செய்தபிறகுதான் என் கணக்கு ஒரு நிலைக்கு வந்தது.

படிந்துவிட்ட ஈயத்துக்குத் தூய செம்புக் கம்பி இழையைத் தேய்ந்த தூரிகையில் சுற்றி உபயோகிக்கிறேன். காந்தத்தில் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு, குழலுக்குள் விடாதீர்கள். ஈயம் நீக்கும் துணிகள் கருநீலச் சாயத்தையும் சேர்த்து உரித்துவிடும். காடியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதில் உருவாவது நீரில் கரைந்த ஈய உப்பு, கொடிய நஞ்சு.

நஞ்சு என்றதும் வீட்டு விஷயம் ஒன்று. பாட்டி ரசம் வைத்த ஈயச் செம்பு இன்றும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. அது வெள்ளீயம், சமையலுக்கு ஆகும். குண்டில் இருப்பது காரீயம். "இரண்டும் ஈயம்தானே அப்பா" என்று என் மகள் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. அன்றிலிருந்து துப்பாக்கி துடைப்பது கார் கொட்டகையில்தான், கையுறையோடு. செம்பு பூசிய குண்டானாலும் தீமூட்டும் கலவையிலேயே ஈயச் சேர்மம் இருக்கிறது, அதன் புகை கையிலும் சட்டையிலும் படியும். குழல் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகக் கை சுத்தமாகிவிடாது. குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறேன்.

இப்போது பெட்டகத்தில் போட்டிக்கு எலி 50, பயிற்சிக்கு மினி-மேக் 100. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகள் குறி விலகும், குழல் புதிய மெழுகுக்குப் பழக வேண்டும். அந்தப் பன்னிரண்டையும் போட்டிக்கு முந்தைய நாளே சுட்டுவிடுகிறேன். போன சனிக்கிழமை விற்ற அண்ணா கழகத்துக்கு வந்திருந்தார். துணித்துண்டைக் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார். ஒரே ஓர் இழை அகப்பட்டது.