ஊர்வசியின் பொய்கள்: தமிழிலா, மலையாளத்திலா?

எங்கள் வீட்டில் முடிவுக்கு வராத வழக்குகளில் ஒன்று நடிகை ஊர்வசி வழக்கு. மனைவி பாலக்காட்டுக்காரர். கையில் கிடைத்த வைரத்தைத் தமிழ்க்காரர்கள் சிரிப்பு மூட்டும் அம்மாவாக்கி வீணடித்துவிட்டார்கள் என்பது அவர் தரப்பு. ‘மைக்கேல் மதன காமராஜன்’ ஒன்று போதும், மற்றதெல்லாம் எதற்கு என்பது என் தரப்பு. அண்மையில் ஒரு மாதம் இரவு உணவுக்குப் பிறகு இரண்டு மொழிப் படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். என் தரப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிறப்புச் சான்றிதழ் விவகாரம். கவிதா ரஞ்சினி என்ற இயற்பெயர் கொண்ட ஊர்வசி கொல்லம் பக்கத்துக்காரர். பெற்றோர் நாடக மேடைக்காரர்கள். அக்காமார் கலாரஞ்சினியும் கல்பனாவும் நடிகைகள். ஆனால் வளர்ந்ததும் படித்ததும் பெரும்பாலும் கோடம்பாக்கத்தில். சினிமாவுக்காகத் தமிழ் கற்றுக்கொண்ட கேரளத்து நாயகிகளின் வரிசையில் அவரைச் சேர்க்க முடியாது. தமிழ் அவருக்குப் பள்ளிக்கூடத்து மொழி, தெருவில் விளையாடிய மொழி. ஆகவே எந்த மொழியில் அவர் வசதியாக இருந்தார் என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. எந்த மொழி அவரிடம் சரியான வேலையைக் கேட்டது என்பதுதான் வழக்கு.

கதாநாயகியாக அவரை முதலில் உலகுக்குக் காட்டியது தமிழ். 1983இல் பாக்யராஜ் இயக்கி நடித்த ‘முந்தானை முடிச்சு’. பதின்பருவத்தைத் தாண்டாத பரிமளம், மனைவியை இழந்த வாத்தியார் மேல் ஆசைப்பட்டு, அவர் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் பஞ்சாயத்தில் பொய் சொல்கிறாள். அதோடு விடவில்லை, அவருடைய கைக்குழந்தையைத் தரையில் கிடத்தி, அதைத் தாண்டிச் சத்தியம் செய்கிறாள். இப்போது பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிற இடம் அது. தப்பு செய்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. தாண்டவும் தாண்டுகிறாள். குறும்பும் அச்சமும் ஒரே முகத்தில் நிற்கின்றன. கதையை நகர்த்துவதே அவளுடைய பொய்தான்.

இந்த ஒரு மாதத்தில் நான் கண்டுபிடித்தது இதுதான்: பொய் சொல்லும் பெண்ணாக நடிக்கும்போதுதான் ஊர்வசி ஊர்வசியாக இருக்கிறார். அந்தப் பொய்யை முதலில் அவர் கையில் கொடுத்தது நாம். கொடுத்துவிட்டு மறந்துபோனோம். மலையாளம் மறக்கவில்லை.

1990ஐ எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும். ஒரே ஆண்டில் இரு மொழியிலும் அவருடைய பெயர் சொல்லும் படங்கள் வந்தன. மலையாளத்தில் சத்தியன் அந்திக்காடு இயக்கி, ஸ்ரீனிவாசன் எழுதிய ‘தலயணமந்த்ரம்’. தமிழில் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’.

மலையாளப் படத்தின் தலைப்பைத் தமிழனுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. தலையணை மந்திரம் நம் வீடுகளிலும் ஓதப்படுவதுதான். காஞ்சனா கூட்டுக்குடும்பத்து மூத்த மருமகள். வசதியான வீட்டிலிருந்து, படித்த ஓரகத்தி வந்து சேர்ந்ததும் அவளுக்குள் புகைச்சல் தொடங்குகிறது. ஓரகத்தியை யாராவது புகழும்போது காஞ்சனாவின் உதடு சிரித்தபடியே இருக்கும், கண் மட்டும் கணக்குப் போடும். கடைசியில் கணவனை இழுத்துக்கொண்டு ஒரு காலனிக்குத் தனிக்குடித்தனம் போகிறாள். கட்டட வேலையை மேற்பார்க்கும் கணவனை அங்கே எஞ்சினியர் என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற வீட்டுக்குப் பொருள் வேண்டும், பொருளுக்குக் கடன் வேண்டும். இத்தனை செய்தும் அவளை வெறுக்க முடியவில்லை. காரணம், ஊர்வசி காஞ்சனாவை வில்லியாக நடிக்கவில்லை. தனக்குச் சேர வேண்டியது தனக்கு வரவில்லை என்று மனப்பூர்வமாக நம்பும் ஒருத்தியாக நடித்தார். எங்கள் உறவில் ஒரு சித்தி அப்படியே இருந்தார். அவர் பெயர் வேண்டாம்.

தமிழ்ப் படத்தில் அவர் திரிபுரசுந்தரி. பாலக்காட்டுச் சமையல்காரன் காமேஸ்வரன் ‘திருப்பு’ என்று குழைகிறவள். ‘சுந்தரி நீயும் சுந்தரன் ஞானும்’ பாட்டு முழுக்க மெதுவசைவில் எடுக்கப்பட்டது. அதில் ஒரு இமைத்துடிப்பு தப்பினாலும் பெரிதாகத் தெரிந்துவிடும். அவருக்கு ஒன்றும் தப்பவில்லை. ஆனால் கவனியுங்கள், அந்தக் கதையில் திருடுவது பாட்டி. மாட்டிக்கொண்டு கூசிப்போவது பேத்தி. கள்ளத்தனம் எஸ்.என்.லட்சுமிக்குப் போய்விட்டது; ஊர்வசிக்கு வெகுளித்தனம் மிஞ்சியது. அதையும் அவர் அமர்க்களமாகச் செய்தார் என்பதால்தான் பிறகு வந்த தமிழ் இயக்குநர்கள் அந்த வெகுளியையே கேட்டுக் கேட்டு வாங்கினார்கள் என்று எனக்குப் படுகிறது. கேரள அரசோ 1989, 1990, 1991 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவருக்குச் சிறந்த நடிகை விருதைக் கொடுத்தது.

இங்கே ரேவதியைக் கொஞ்சம் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவரும் கேரளத்துக்காரர், அவரும் 1983இல்தான் தமிழில் அறிமுகமானார், பாரதிராஜாவின் ‘மண்வாசனை’யில். தமிழ் அவருக்கு ‘மௌனராக’த்தையும் ‘தேவர் மக’னையும் கொடுத்தது. மலையாளத்தில் அவரை எல்லோருக்கும் நினைவிருப்பது ‘கிலுக்க’த்தின் கிறுக்குத்தனத்துக்காக. அதாவது கனமான வேடம் ரேவதிக்கு, கலகலப்பு ஊர்வசிக்கு என்று தமிழ் பங்கு பிரித்தது. மலையாளம் ஏறக்குறைய அதைத் திருப்பிப் போட்டது. 1994இன் ‘மகளிர் மட்டும்’ படத்தில் இருவரும் சேர்ந்து நடித்தபோதும் இந்தப் பாகப்பிரிவினை மாறவில்லை. ஆளைப் பார்த்துத்தான் வேடம் கொடுக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். முதலில் எது ஓடியதோ அதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

தமிழில் விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. கேயார் இயக்கிய ‘இரட்டை ரோஜா’, 1996. பணத்துக்காகக் கணவனையே இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கும் மனைவி. காஞ்சனாவின் தூரத்து உறவுக்காரி என்று சொல்லலாம். ஆனால் அது தெலுங்கிலிருந்து வந்த கதை. அங்கே பேராசைக்காரிக்குப் பாடம் புகட்டுவதில் படத்துக்கு இருக்கும் அவசரம், அவளைப் புரிந்துகொள்வதில் இல்லை. மனைவி பாதியில் எழுந்து போய்விட்டார். நான் முழுக்கப் பார்த்தேன், ஊர்வசிக்காக.

சரி, தமிழின் பக்கம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. காது. தமிழில் ஊர்வசி எத்தனை விதமாகப் பேசியிருக்கிறார்! பாலக்காட்டு அக்கிரகாரத்துப் பேச்சு, ‘பஞ்சதந்திர’த்தில் நாயர் வீட்டு அம்மிணியின் மலையாள வாடை, ‘சூரரைப் போற்று’ படத்தில் மதுரைப் பக்கத்துக் கிராமத்துத் தாய், ‘ஜே.பேபி’யில் சென்னையின் உழைக்கும் குடும்பத்துத் தாய். வட்டாரத்தை அவர் ஒப்பிப்பதில்லை. மூச்சு எங்கே வாங்குவது, எந்தச் சொல்லைப் பாதியில் விழுங்குவது என்பதுவரை மாற்றிக்கொள்கிறார். கமல்ஹாசன் அவரை 1990இல் தொடங்கி ‘மன்மதன் அம்பு’, ‘உத்தம வில்லன்’ வரை விடாமல் அழைத்துக்கொண்டதற்கு இந்தக் காதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். இந்த விஷயத்தில் மனைவி வாதாடவில்லை. தன் சொந்தப் பாலக்காட்டுப் பேச்சைவிட ஊர்வசியுடைய பேச்சுக்கே மதிப்பெண் அதிகம் என்று நினைக்கிறார் போலும்.

எல்லை தாண்டிய வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த முதல் கேரள விருதில் பங்குள்ள ‘மழவில்காவடி’ நடப்பது நம் பழனியில். மலையாளப் படத்துக்காகத் தமிழ்நாட்டில் வாழும் பெண்ணாகவும், தமிழ்ப் படத்துக்காகப் பாலக்காட்டுப் பேச்சு பேசும் பெண்ணாகவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நின்றவர் அவர்.

சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2005இல் சத்தியன் அந்திக்காடு அவரை ‘அச்சுவின்டெ அம்ம’வில் திரும்ப அழைத்துவந்தார். எல்.ஐ.சி. முகவராக ஓடியாடும் வனஜா, மகளோடு தோழிபோலப் பழகுகிறவள், மகளின் பிறப்பைப் பற்றிய கேள்வி வந்தால் மட்டும் பேச்சை மாற்றுகிறாள். மறுபடியும் ஒரு மறைப்பு! துணை நடிகைக்கான தேசிய விருது அவருக்கு முதலில் கிடைத்தது இதற்குத்தான். அந்தப் பேச்சை மாற்றும் கணங்களைப் பாருங்கள். குரல் உயரும், கை வேறெதையோ தேடும்.

2020 நவம்பரில் இரண்டு நாள் இடைவெளியில் ‘சூரரைப் போற்று’ம் ‘மூக்குத்தி அம்ம’னும் இணையத்தில் வெளியானபோது தமிழ்நாடே அவரைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் கொண்டாடியது. ‘சூரரைப் போற்று’ படத்தில், தந்தையின் சாவுக்கு நேரத்தில் வந்துசேர முடியாத மகனிடம் தாய் பேச்சி வெடிக்கும் இடத்தில், துக்கமும் கோபமும் எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாமல் வந்தன. கொண்டாட்டம் நியாயம்தான். ஆனாலும் அது ஒரு காட்சி. படம் மகனுடையது.

2024இல்தான் தராசு மறுபடியும் நேராக நின்றது. மார்ச்சில் சுரேஷ் மாரியின் ‘ஜே.பேபி’, ஜூனில் கிறிஸ்டோ டோமியின் ‘உள்ளொழுக்கு’. இரண்டிலும் தாய். இரண்டிலும் அவரே நடுநாயகம். பேபி மனம் தடம்புரண்டு வீட்டை விட்டுப் போய்க் கொல்கத்தாவில் நிற்கிறாள். பேசிக்கொள்ளாத இரண்டு மகன்கள் அவளைத் தேடிப் போகிறார்கள். பேபிக்கு மறைக்கத் தெரியாது. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நம்மைச் சிரிக்க வைத்து, சிரித்ததற்காகக் குற்ற உணர்வு கொள்ளவும் வைக்கிறார். தமிழ் இத்தனை ஆண்டுகளாக அவரிடம் வாங்கிக்கொண்டிருந்த அதே வெகுளித்தனத்தை நோயின் பக்கம் திருப்பிக் காட்டிய படம் இது. திரையரங்கில் நான் பார்த்தபோது மொத்தம் பதினாறு பேர் இருந்தோம்.

‘உள்ளொழுக்கு’ பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். குட்டநாட்டில் வெள்ளம். மகன் இறந்துவிட்டான். குடும்பக் கல்லறையில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்பதால் நீர் வடியும்வரை உடலோடு வீட்டிலேயே காத்திருக்கிறாள் லீலாம்மா. மருமகளாகப் பார்வதி திருவோத்து. அவள் வயிற்றில் வளர்வது வேறொருவனின் குழந்தை. பொய்க்காரி மருமகள் என்று நாம் தீர்ப்பெழுதி முடிக்கும்போது, மகனின் நோயைத் திருமணத்துக்கு முன்பே அறிந்து மறைத்தவள் லீலாம்மா என்பது வெளியே வருகிறது. முழங்கால் நீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கும் அந்தத் தாயின் ஒவ்வொரு கனிவையும் அதற்குப் பிறகு நாம் சந்தேகத்தோடு திரும்பிப் பார்க்கிறோம். கனிவும் உண்மை, மறைத்ததும் உண்மை என்ற இடத்தில் ஊர்வசி நம்மை நிறுத்திவிட்டுப் போகிறார்.

இதற்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பங்கிட்டுக்கொண்டார். அது அவருடைய ஆறாவது. 2025 ஆகஸ்டில் தேசிய விருதும் அறிவிக்கப்பட்டது, மறுபடியும் துணை நடிகைக்கு! லீலாம்மா யாருக்குத் துணை என்று அவர் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு தேசிய விருதுகளும் மலையாளப் படங்களுக்கே என்பதை மனைவி இரண்டு முறை சுட்டிக்காட்டினார்.

ஆக, பாத்திரம் என்ற கணக்கில் மலையாளம் தெளிவாக முன்னே நிற்கிறது. பேச்சு என்ற கணக்கில் தமிழ். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு ஒரே வாரத்தில் ‘முந்தானை முடிச்’சையும் ‘உள்ளொழுக்’கையும் பார்க்கச் சொல்வேன். இடையில் நாற்பத்தொரு ஆண்டுகள். முதல் படத்தில் ஒரு சிறுமி குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்கிறாள். இரண்டாவதில் ஒரு தாய், தான் பெற்ற குழந்தைக்காகச் சொன்ன பொய்யோடு வெள்ளத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள்.