பழைய ஃபைபர்கிளாஸ் டிரம்முக்குப் படகுக் கடை ரெசின்

பினாங்கு ஜெலுத்தோங்கில், படகு பழுதுபார்ப்போருக்குப் பொருள் விற்கும் ஒரு கடையில் பாலியெஸ்டர் ரெசின் (பிசின்), அதை இறுகச் செய்யும் ஹார்டனர், கண்ணாடியிழைப் பாய் மூன்றையும் வாங்கி, லக் (தோலை இறுக்கும் திருகுகளைத் தாங்கும் உலோகப் பிடி) துளைகள் பெருத்துப்போயிருந்த பழைய ஃபைபர்கிளாஸ் இசை டிரம் ஒன்றைச் சீர்செய்தேன். ரெசின் தரமானது. உட்புறத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இழைப்பாயை ஒட்டி, நன்கு இறுகிய பின் புதிதாகத் துளையிட்டபோது ஓரம் சிறிதும் பிசிறவில்லை. திருகுகளை முடுக்கிய பிறகும் விரிசல் விழவில்லை.

ஆனால், கடையில் சொன்ன 2 விழுக்காட்டு ஹார்டனர் நம்மூர் வெக்கைக்கு அதிகம். கலவை கிண்ணத்திலேயே சூடேறிக் கட்டியாகிவிடுகிறது. 1 விழுக்காடே போதும். காய்ந்த பின்னும் மேற்பரப்பு பிசுபிசுப்பதைக் கண்டு ரெசினைக் குறைகூற வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலடுக்கை முழுமையாக இறுகவிடாது என்பதால், கடைசிப் பூச்சில் மட்டும், மேலே படிந்து காற்றைத் தடுக்கும் மெழுகுக் கரைசலைச் சேர்க்க வேண்டும். அதையோ, கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள்! நிறமிகளில் வெள்ளை, கறுப்பு, நீலம் தவிர வேறில்லை. மினுமினுப்பான பூச்சை விரும்புவோர் கார் பெயிண்ட் கடைகளை நாடுவது நல்லது. கண்ணாடியிழைத் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாதென்பதால், இவற்றோடு முகக்கவசத்தையும் கையுறையையும் சேர்த்தே வாங்குங்கள்.