டர்போ காருக்குப் பெரிய த்ராட்டில் பாடி: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு இருப்பது த்ராட்டில் பாடியில்; கம்பெனி கொடுத்தது 60 மி.மீ. விட்டம். அதைக் கழற்றிவிட்டு 70 மி.மீ. மாட்டினால் பவர் கூடும் என்று சொல்லி ஒரு டியூனிங் கடை பணம் வாங்கியது. வண்டி வெளியே வந்தபோது ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) இறங்காமல் 1,400 ஆர்பிஎம்மில் நின்றது. பூஸ்ட் (டர்போ காற்றை அழுத்தித் தரும் பிரஷர்) ஏறும்போதெல்லாம் பானட்டுக்குள் சீறல் சத்தம். இரண்டே நாளில் செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. வேறு பட்டறையில் பிரித்தபோது வெளிவந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

கடை சொன்ன கணக்கு இது: 60-இலிருந்து 70 மி.மீ.க்குப் போனால் திறப்பின் பரப்பு 36 சதவீதம் கூடும். அது சரிதான். காற்றும் அதே அளவு கூடும் என்றதுதான் பொய். டர்போ என்ஜினில் எவ்வளவு காற்று உள்ளே போகும் என்பதைக் டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரும், பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டும் தீர்மானிக்கின்றன. முழு ஆக்ஸிலரேட்டரில் த்ராட்டில் தட்டுக்கு முன்னும் பின்னும் பிரஷரை அளந்து பாருங்கள். முன்னால் 203 கிலோபாஸ்கல், பின்னால் 201 என்று வந்தால் இழப்பு வெறும் ஒரு சதவீதம். வேஸ்ட்கேட் கொஞ்சம் கூடுதலாக மூடினாலே அது ஈடாகிவிடும். பெரிய டர்போ மாட்டி, அதிக ஆர்பிஎம்மில் இந்த வித்தியாசம் 8, 10 கிலோபாஸ்கல் என்று ஏறும் வண்டிக்குப் பெரிய த்ராட்டில் பாடி உண்மையிலேயே தேவை. இந்தக் காரில் யாரும் அளக்கவே இல்லை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் குழாயே 57 மி.மீ. தான், அதன் முனையில் 70 மி.மீ. வாய் வைத்து என்ன பயன்?

பவர் கூடியதற்குச் சான்றாக ஒரு டைனோ தாள் (பவர் அளக்கும் இயந்திரத்தின் வரைபடம்) கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் பூஸ்ட் கோடு இல்லை. த்ராட்டில் பாடி மாட்டிய அன்றே இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஃபைலையும் மாற்றி பூஸ்ட்டை ஏற்றியிருக்கிறார்கள். கூடிய பவர் அதிலிருந்து வந்தது. மாற்றத்துக்கு முன், பின் இரண்டு ஓட்டத்துக்கும் பூஸ்ட், உள்வரும் காற்றின் வெப்பநிலை, இக்னிஷன் டைமிங் மூன்றும் பதிவான லாக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தத் தாளை நம்பாதீர்கள்.

மிக மோசமான வேலை நடந்தது, த்ராட்டிலைத் தாண்டி வரும் காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் வாயில். மேனிஃபோல்டு வாய் 60 மி.மீ., த்ராட்டில் 70 மி.மீ. என்றால் சுற்றிலும் 5 மி.மீ. விளிம்பு காற்றை மறிக்கும். அதைக் கடைந்து சரிவாக்க வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றி, கடைந்து, கழுவி, காற்றடித்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். இவர்கள் வண்டியிலேயே வைத்து, உள்ளே துணி அடைத்து கிரைண்டர் ஓட்டியிருக்கிறார்கள். துணி எல்லாவற்றையும் பிடிக்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் குழாயான ரன்னருக்குள் அலுமினியத் தூள் கிடந்தது. ஸ்பார்க் பிளக் துளை வழியாக கேமரா விட்டுப் பார்த்ததில் இரண்டு சிலிண்டர் சுவர்களில் செங்குத்துக் கீறல்கள். இதை எந்த ட்யூனும் சரிசெய்யாது.

சீறல் சத்தத்துக்குக் காரணம் தட்டு சுழலும் தண்டு. மாட்டியது டர்போ இல்லாத என்ஜினுக்கான த்ராட்டில் பாடி. அந்தத் தண்டின் சீல் வெற்றிடத்தைத் தாங்கும், ஒரு பார் பூஸ்ட்டைத் தாங்காது. காற்றளவு சென்சார் உள்ள வண்டியில் இது இரண்டு பக்கமும் அடிக்கும்: பூஸ்ட்டில் அளந்த காற்று வெளியே போவதால் கலவை பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும், ஐடிலில் அளக்காத காற்று உள்ளே வந்து கலவை மெலியும், பி0171 (கலவை மெலிவு) என்ற பிழைக் கோடு விழும். மேனிஃபோல்டு பிரஷரை வைத்து அளக்கும் வண்டியில் கலவை அவ்வளவு கெடாது. ஆனால் இழந்த காற்றை ஈடுகட்ட டர்போ தேவையில்லாமல் வேகமாகச் சுழலும்.

அடுத்தது எலக்ட்ரானிக் பக்கம். வயர் மூலம் இயங்கும் த்ராட்டிலில் இரண்டு பொசிஷன் சென்சார்கள் உண்டு. பல கார்களில் ஒன்றின் வோல்ட் ஏற ஏற மற்றொன்று இறங்கும். இசியு இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பொருந்தாவிட்டால் பி2135 விழுந்து வண்டி லிம்ப் மோடுக்கு (பவரைக் குறைத்து ஓடும் நிலை) போகும். கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக வயரிங்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பின் வரிசையை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேல், எந்தக் கோணத்தில் எவ்வளவு காற்று போகும் என்ற அட்டவணை இசியுவுக்குள் இருக்கிறது. 60 மி.மீ.க்கு எழுதிய அட்டவணையில் 70 மி.மீ. ஓடினால் லேசாக மிதித்தாலே வண்டி துள்ளும், ஐடில் இறங்காது, பி0507 (ஐடில் அதிகம்) வரும். அட்டவணையைத் திருத்தி, பிறகு கார் கம்பெனி சொன்ன முறைப்படி த்ராட்டில் அடாப்டேஷன் (புதிய தட்டின் நிலையை இசியுவுக்குக் கற்றுக்கொடுப்பது) செய்ய வேண்டும். இவர்கள் செய்தது, தட்டு நிற்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகியதுதான். அந்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. தட்டு சுவரில் சிக்கிக்கொள்ளும்.

சிறு தவறுகளும் இருந்தன. குழாய் மாட்டும் முனையில் புடைப்பு வளையம் இல்லை, பூஸ்ட்டில் ஹோஸ் கழன்றுவிடும். எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன்-மீட்டர் போதும். இங்கே ஒரு மரையே உரிந்திருந்தது.

வண்டியை எடுப்பதற்கு முன் உங்கள் கண் முன்னால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். டர்போவின் காற்று நுழையும் வாயை மூடி, கிராங்க்கேஸ் காற்றுக் குழாயை அடைத்து, அரை பார் காற்று ஏற்றி, தண்டின் இரு முனையிலும் கேஸ்கட் ஓரத்திலும் சோப்பு நீர் தெளித்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே மேனிஃபோல்டைக் கடைந்துவிட்டார்கள் என்றால் என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். பழைய த்ராட்டில் பாடியை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி வைத்துக்கொள்ள விடாதீர்கள். இந்த வண்டிக்காரரிடம் அது இல்லாததால், பழைய நிலைக்குத் திரும்பவே இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று.